7. அச்சத்துக்கு ஓர் அளவுகோல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷினிலிருந்து இறக்கிய பீஸைக் கண்ணால் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று நகர மாட்டார்கள். வெர்னியரை எடுத்து அளப்பார்கள். எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எண் தெரிந்த பிறகுதான் அந்தப் பீஸ் தேறுமா, திரும்ப மிஷினில் ஏற்ற வேண்டுமா, தூக்கிப் போட வேண்டுமா என்று முடிவாகும்.

அதே எஸ்டேட்டுக்குப் பின்தெருவில், 'இட்லி மாவு கிடைக்கும்' என்று வாசலில் பலகை மாட்டியிருக்கும் அக்காவிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "என்னமோ போகுது", "ரொம்ப டல்", "இப்படியே போனா மூட வேண்டியதுதான்" என்பார். எவ்வளவு டல்? போன மாதத்தைவிட எத்தனை ரூபாய் குறைவு? பதில் வராது. அவருடைய வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கால் மில்லிமீட்டருக்குக் கணக்குச் சொல்பவராக இருப்பார். வீட்டுத் தொழிலை மட்டும் இருவருமே கண் மதிப்பில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

"நம்பிக்கையோடு இருங்கள்" என்று இந்த அத்தியாயம் சொல்லப்போவதில்லை. சொல்கிறவருக்குக் காசு செலவில்லாத அறிவுரை அது. கேட்கிறவருக்கும் அதனால் கிரைண்டர் தவணை குறையாது. இங்கே சொல்லப்போவது ஒரே வேலை: மனதைப் பிசையும் ஒவ்வொரு கவலைக்கும் ஓர் எண் போடுங்கள். எண் போட்டபின் சில கவலைகள் சுண்டைக்காயாகிவிடும். சில, நாம் நினைத்ததைவிடப் பெரியவை என்று தெரியும். இரண்டுமே நல்லதுதான். எதற்கு ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டாம் என்று தெரிந்தவருக்குத் தூக்கம் வரும்.

எங்கிருந்து வருகிறது இந்த ஆட்டம்?

அம்பத்தூரும் ஆவடியும் சம்பளத் தேதியை நம்பி வளர்ந்த ஊர்கள். 1961இல் ஆவடியில் டேங்க் பேக்டரி தொடங்கியது. ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். வந்தது. அதே 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் எழுந்தது. சைக்கிள், லாரி, கார் உதிரிபாகம் என்று பாடி முதல் திருமுல்லைவாயல் வரை பட்டறைகள் பரவின. பூந்தமல்லியில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் தெரியும். வீட்டிலிருந்து தைக்கிறவர், சமைக்கிறவர், டியூஷன் எடுக்கிறவர் எல்லோரும் இந்தச் சம்பளங்களின் நிழலில்தான் தொழில் செய்கிறார்கள்.

அதனால்தான் தொலைவில் நடப்பது நம் வாசலுக்கு வருகிறது. 2019இல் நாடு முழுவதும் வண்டி விற்பனை சரிந்தது. எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை அந்தச் செப்டம்பரில் மட்டும் 16 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. லாரி நின்றால் லாரிக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை குறையும். அதற்கு டர்னிங் செய்து கொடுக்கும் பட்டறையில் ஓ.டி. நிற்கும். ஓ.டி. நின்ற ஆபரேட்டர் வீட்டில், "பிளவுஸ் இப்ப வேணாம், தீபாவளிக்குப் பாத்துக்கலாம்" என்று முடிவாகும். எங்கோ ஒருவர் லாரி வாங்காமல் விட்டது, கொரட்டூரில் தையல் மிஷின் போட்டிருக்கும் உங்களிடம் இப்படி வந்து முடிகிறது.

வரிசையாகப் பாருங்கள். 2016 நவம்பர் 8, பணமதிப்பு நீக்கம். 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. 2019, வண்டித் தொழில் சரிவு. 2020 மார்ச், ஊரடங்கு. அந்த மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையே பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசைக்குப் பெயர்ந்து, செப்டம்பர் கடைசி வரை அங்கேதான் இருந்தது. 2021 அக்டோபர் 1, அசைக்கவே முடியாத அரசு வேலை என்று ஆவடி நம்பியிருந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாக மாற்றப்பட்டன. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர்; ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரம் நிறுத்தியது. முறுக்கு சுடுகிற வீடுகளில் எண்ணெய் டின்னைப் பார்த்தாலே பயம் வந்த காலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி.

இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, இவற்றில் எதுவும் உங்கள் கைப்பக்குவம் குறைந்ததால் வந்ததல்ல. மாவு புளித்ததற்கு நீங்கள் பொறுப்பு. பாமாயில் விலைக்கு நீங்கள் பொறுப்பல்ல. இரண்டாவது, வருடங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஓர் அடி விழுந்துகொண்டே வந்திருக்கிறது. 'எல்லாம் சரியாகட்டும், பிறகு நிம்மதியாக இருக்கலாம்' என்று காத்திருந்தால் நிம்மதிக்கு நாளே வராது. வடகிழக்குப் பருவமழையைப் போல இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதிதான் தெரியாது, வரும் என்பது தெரியும்.

முதல் எண்: ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை விலையை வைத்து நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு இட்லி அரிசி 8 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 360. உளுந்து 2 கிலோ, கிலோ 130 வீதம் 260. உப்பும் வெந்தயமும் 20. கவர் 30. கரண்டும் கிரைண்டர் தேய்மானமும் 70. மொத்தச் செலவு 740 ரூபாய். கிடைக்கும் மாவு 22 கிலோ என்று வைப்போம். கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 990. கையில் நிற்பது 250. மாதம் 26 நாள் என்றால் 6,500 ரூபாய்.

இப்போது உளுந்து கிலோவுக்கு 20 ரூபாய் ஏறுகிறது. இந்தியா உளுந்தில் ஒரு பங்கை மியான்மரிலிருந்து வாங்குகிறது. அங்கே விளைச்சலோ ஆட்சியோ ஆடினால் இங்கே விலை ஆடும். "உளுந்து இந்த விலை வித்தா எப்படிப் பொழைக்கிறது?" என்று அன்றைக்கு முழுவதும் மனம் அலைபாயும். அளந்து பாருங்கள். 2 கிலோவுக்கு 40 ரூபாய் கூடுதல். 22 கிலோ மாவில் அதைப் பிரித்தால் கிலோவுக்கு 2 ரூபாய்கூட இல்லை. விலையை 2 ரூபாய் ஏற்றினால் தீர்ந்தது. ஏற்றவே முடியாது என்றாலும் 250 ரூபாய் 210 ஆகும், தொழில் மூழ்காது.

அதே வீட்டில் இன்னொன்று நடக்கிறது. கடைகளுக்குப் போட்ட மாவில் தினமும் 3 கிலோ விற்காமல் திரும்பி வருகிறது. "அது வழக்கம்தானே" என்று யாரும் கவலைப்படுவதில்லை. 3 கிலோ என்றால் 135 ரூபாய். 250 ரூபாய் லாபம் 115 ஆகிவிடுகிறது. உளுந்து விலையேற்றத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் தின்பது திரும்பி வரும் இந்தப் பாக்கெட்டுகள்தான். மியான்மரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கடையில் எந்தக் கிழமை மாவு தங்குகிறது என்று பத்து நாள் குறித்து வைத்தால், அரைக்கும் அளவைக் குறைக்கலாம்.

தையலுக்கும் இதே முறைதான். ஒரு பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம், லைனிங், நூல், ஹூக் சேர்த்து எவ்வளவு என்று ஒருமுறை எழுதிவிட்டால், எந்த வேலை கூலி தருகிறது, எது கண்ணை மட்டும் கெடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் எண்: எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுத் தொழிலின் பெரிய சிக்கல், கல்லாவும் அஞ்சறைப்பெட்டியும் ஒன்றாக இருப்பது. மாவு விற்ற காசில் பால் வாங்குவோம்; பள்ளி ஃபீஸுக்கு வைத்த பணத்தில் உளுந்து வாங்குவோம். லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வேலை, இரண்டு டப்பா. தொழில் டப்பாவிலிருந்து வீட்டு டப்பாவுக்கு வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட தொகை போக வேண்டும். அதுதான் உங்கள் சம்பளம். ஜி.பே.யில் வருகிற பணத்துக்கும் தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு.

அடுத்து, தொழில் ஒரு ரூபாய்கூடத் தராவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய செலவுகளை எழுதுங்கள். வாடகையில் உங்கள் பங்கு, தவணை, சீட்டு, மருந்து. மாதம் 12,000 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 400 ரூபாய். அவசரத்துக்கென்று கையில் 4,000 ரூபாய் இருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் 10 நாள் இருக்கிறது.

சேமிப்பை ரூபாயில் சொல்லாமல் நாளில் சொல்லிப் பழகுங்கள். '4,000 ரூபாய்' என்றால் ஒரு கல்யாண மொய்யில் பறந்துவிடும். 'பத்து நாள்' என்றால் எடுக்கக் கை நடுங்கும். 400 ரூபாய் சேரும்போதெல்லாம் ஒரு நாள் வாங்கிவிட்டதாகக் கணக்கு. 30 நாளை எட்டும்வரை புது மிக்ஸி, புது போன் பேச்சே வேண்டாம். அடுத்த அடி விழும்போது 30 நாள் கையில் வைத்திருப்பவர் யோசித்து முடிவெடுப்பார். ஒன்றும் இல்லாதவர் வாசலில் வந்து நிற்கும் முதல் தண்டல்காரரிடம் கையை நீட்டுவார்.

மூன்றாம் எண்: தண்டலின் உண்மை விலை

'பத்தாயிரம் தண்டல்' என்பதைப் பலர் வட்டிக் கடனாகவே நினைப்பதில்லை. கையில் 8,500 தருவார்கள்; தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே போகிறது என்று தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்குகிறோம். ஐம்பதாம் நாளில், கையில் வாங்கியதில் பாதிக்கு மேல் கட்டிவிட்டிருப்போம். குறைந்துகொண்டே போகும் அசலுக்குக் கணக்குப் போட்டால், இது நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 10 ரூபாய். நம் ஊர் பாஷையில் பத்து வட்டி. மூன்று வட்டிக்கு வாங்கினாலே முகம் சுளிக்கும் நாம், 'தினம் நூறு' என்று சொன்னால் பத்து வட்டிக்குத் தலையாட்டுகிறோம்.

மாற்று என்ன? வீட்டில் பொட்டு நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் வங்கி இணைப்புக் கடன். தொழில் தொடங்கிவிட்டவர்களுக்கு முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் பிணை இல்லாமல் 50,000 ரூபாய் வரை. இவை ஒரே நாளில் கிடைக்காது, அலைச்சல் உண்டு. அதனால்தான் தேவை வராத மாதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டல், வற்புறுத்தல் கூடாது என்று 2025இல் தனிச் சட்டமே வந்தது. வாசலில் நின்று கத்துகிறவரைப் பார்த்து நீங்கள் கூச வேண்டியதில்லை; சட்டம் கூசச் சொல்வது அவரைத்தான்.

நான்காம் எண்: யாரிடம் எவ்வளவு பங்கு?

ஒரு கம்பெனிக்கு மட்டும் தினம் 40 சாப்பாடு கொடுப்பது பெருமையாகத்தான் இருக்கும். அந்தக் கம்பெனி ஒரு ஷிப்டை நிறுத்தும் வரை. உங்கள் மாத விற்பனையில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு பாதிக்கு மேல் இருந்தால் அதைத் தொழில் என்று எண்ணாதீர்கள், வேலை என்று எண்ணுங்கள். வேலை எந்நேரமும் போகலாம்.

பங்கைப் பிரிக்கக் காலண்டரைக் கையில் எடுங்கள். இந்தப் பக்கத்துக்கு என்றே ஒரு பருவக் கணக்கு உண்டு. ஜூனில் பள்ளிச் சீருடை. ஆடியில் கல்யாண பிளவுஸ் குறையும். திருவேற்காடு கருமாரியம்மன் கோவில் தொடங்கித் தெருமுனை அம்மன் கோவில்வரை கூழும் விழாவும் கூடும். ஆவணியில் முகூர்த்தம் திரும்பும். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டே கோலம் போடும். லேத்துக்கு மாலை, ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், பொரி பாக்கெட். வீட்டில் பலகாரம் செய்கிறவர்கள் இதற்கான பேச்சை ஒரு மாதம் முன்பே பட்டறை முதலாளிகளிடம் தொடங்க வேண்டும். பிறகு போனஸ், தீபாவளி. மார்கழியில் மறுபடி முகூர்த்தம் இல்லை. தை பிறந்தால் உண்டு.

ஆரி வேலை செய்கிறவர் ஆடியிலும் மார்கழியிலும் "ஆர்டரே இல்லை" என்று உடைந்துபோகிறார். போன வருடமும் அந்த மாதங்களில் இல்லை என்பதை நோட்டு சொல்லும். அந்த மாதங்களுக்கென்று ஃபால்ஸ், பிகோ, அளவு மாற்றித் தருவது, வகுப்பு எடுப்பது என்று ஒரு சின்ன வேலையை ஒதுக்கி வையுங்கள். தெரிந்து வருகிற பள்ளத்துக்குப் பலகை போட்டு வைக்கலாம்.

ஐந்தாம் எண்: பாக்கியின் வயது

"அக்கா, இந்த மாசம் ஓ.டி. இல்ல, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்." இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உளுந்துக் கடைக்காரர் உங்களிடம் இதைக் கேட்டுக்கொள்ள மாட்டார். பாக்கி நோட்டில் தொகையோடு தேதியையும் எழுதுங்கள். 7 நாள் பாக்கி வியாபாரம். 30 நாள் பாக்கி கடன். 90 நாள் பாக்கி பெரும்பாலும் தானம். ஒருவருக்கு எவ்வளவு வரை பாக்கி என்று முன்பே முடிவு செய்துவிட்டால் முகத்தாட்சண்யத்துக்கு இடமில்லை: "எல்லாருக்கும் ஐந்நூறுதான்மா, வீட்ல அப்படித்தான் பேசி வச்சிருக்கோம்."

கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியும் உதவுகிறது: குறித்த நாளுக்குள் பணம் தராத கம்பெனி, தந்து முடிக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில் ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யலாம். ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. பொருள் செய்பவருக்கும் வேலை செய்து தருபவருக்கும்தான் இந்த 45 நாள் பாதுகாப்பு. வாங்கி விற்பவருக்கு இல்லை.

உள்ளதைச் சொன்னால், இருக்கிற ஒரே கம்பெனி மீது யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அது வேண்டியதும் இல்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுங்கள். மார்ச் முடிவதற்குள் கணக்குப் பிரிவில் இருப்பவரே உங்கள் பெயரைத் தேடி எடுக்க அது ஒரு காரணமாகலாம்.

உதவி கேட்டுப் போக வேண்டிய அலுவலகம் எது என்பதிலும் இங்கே குழப்பம் உண்டு. அம்பத்தூர் வட்டம் 2018இல் திருவள்ளூரிலிருந்து பிரிந்து சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. எனவே ஆவடிக்காரர் தம் மாவட்டத் தொழில் மையத்துக்குக் காக்களூர் போக வேண்டும். அம்பத்தூர்க்காரர் கிண்டி போக வேண்டும். தவறான அலுவலகத்தில் நின்று ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

உணவுத் தொழில் செய்கிறவர்களை இன்னொரு பயம் அரிக்கும்: "யாராவது ஆபீசர் வந்துட்டா?" உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளராகப் பதிந்து, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடுங்கள். வீட்டுச் சிலிண்டரில் வியாபாரச் சமையல் செய்யாதீர்கள். இந்த இரண்டையும் செய்தவருக்குக் கதவு தட்டும் சத்தம் வெறும் சத்தம்தான்.

ஆறாம் எண்: தண்ணீர் எவ்வளவு உயரம்?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் கொட்டியபோது அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளுக்குள் மிஷின்கள் தண்ணீரில் நின்றன. இந்தப் பக்கம் ஏரிகளின் ஊர். கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு என்று ஏரி ஏரியாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். ஏரி இருந்தால் அதன் உபரிநீருக்கு ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதையில் பல வீடுகள் இருக்கின்றன.

உங்கள் தெருவில் அன்று தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது? பழைய குடித்தனக்காரரைக் கேளுங்கள். அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தையல் மிஷின் மோட்டார், கிரைண்டர், அரிசி மூட்டை, வாடிக்கையாளரின் துணி, கணக்கு நோட்டு எல்லாம் அக்டோபர் பிறப்பதற்குள் கோட்டுக்கு மேலே போக வேண்டும். ஒரு ஸ்லாப் அடிக்க ஆகும் செலவையும் மோட்டார் திரும்பச் சுற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கரண்ட் இரண்டு நாள் இல்லையென்றால் மாவு என்னாகும் என்பதற்கும் விடை வைத்திருங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று அரைக்காமல் விடுவதே பெரிய சேமிப்பு.

கூடவே வருடத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு என்று வங்கிக் கணக்கின் வழியாகவே எடுக்கும் மத்திய அரசுத் திட்டங்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து வருடம் 456 ரூபாய், மாதத்துக்கு 38. ஒரு கிலோ மாவின் விலைக்கும் கீழே.

சின்ன எண்ணைக் கண்டு கூச வேண்டாம்

அளக்கத் தொடங்கினால் முதலில் வருவது வெட்கம். இவ்வளவு உழைத்து இதுதானா என்று தோன்றும். 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் உருட்டினார்கள். முதல் நாள் ஆனது நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் பப்பட். இன்று பல்லாயிரம் பெண்கள் அதன் பங்குதாரர்கள்.

நம் சென்னையிலேயே பாட்ரிசியா நாராயண் இருக்கிறார். வீட்டில் ஊறுகாயும் ஜாமும் செய்து, அம்மாவின் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விற்றுத் தொடங்கியவர். பிறகு மெரினாவில் வண்டிக்கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, விலை 50 பைசா. பின்னாளில் உணவகங்கள் நடத்தி, 2010இல் ஃபிக்கி அமைப்பின் தொழில்முனைவோர் விருது பெற்றார். நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்த 50 பைசாவை அவர் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விருது பெற்றவரின் கதை என்பதால் இதைச் சொல்லவில்லை. முதல் நாள் விற்பனையை எண்ணால் நினைவு வைத்திருப்பவர்தான் இரண்டாம் நாளை அதோடு ஒப்பிட முடியும்.

அளக்க முடியாதவை

எல்லாவற்றுக்கும் வெர்னியர் உதவாது. வீட்டிலேயே தொழில் என்றால் பூட்டிவிட்டுப் போகக் கடை இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். மாமியார், "நாள் பூரா வீட்லதானே இருக்கே" என்பார். சொந்தக்காரர், "இன்னும் மாவுதான் விக்கிறியா?" என்பார். இதற்கு மூன்று ஏற்பாடுகள் போதும். கடைக்கு இருப்பதைப்போல உங்களுக்கும் ஒரு மூடும் நேரம். எட்டரைக்குமேல் வரும் செய்திக்குக் காலையில்தான் பதில். வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. மாதம் ஒருமுறை, அதே தொழில் செய்யும் இரண்டு பேரோடு உட்கார்ந்து பேசுவது. போட்டிக்காரர் என்று ஒதுங்காதீர்கள். அரிசியைச் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம், ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் இன்னொருவர் ஆர்டரைச் செய்து கொடுக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்காக இருக்கிறோம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது தொழில் பிரச்சினை அல்ல. உடம்புக்குக் காய்ச்சல் வருவதுபோல மனதுக்கு வந்த நோய். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அளந்து பார்த்தபின் சில தொழில்களை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். ஆகவே நல்ல மாதத்தில், மனம் தெளிவாக இருக்கும்போதே ஒரு கோட்டை எழுதி வையுங்கள்: "தொடர்ந்து நான்கு மாதம் கையில் 3,000 ரூபாய்க்குக் கீழே நின்றால் இதை நிறுத்துவேன்" என்று. கோடு எட்டும்வரை கவலை வேண்டாம். எட்டினால் தயக்கம் வேண்டாம். தேறாத பீஸைத் தூக்கிப் போட்ட லேத்காரர் தொழிலை விட்டுவிடுவதில்லை. அடுத்த ராடை மாட்டுகிறார்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

திங்கள்: இரண்டு டப்பா வாங்கித் தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரியுங்கள்.

செவ்வாய்: ஒரு கிலோவுக்கு, ஒரு பிளவுஸுக்கு, ஒரு சாப்பாட்டுக்கு அடக்கம் என்ன என்று எழுதுங்கள்.

புதன்: கட்டாயச் செலவைக் கூட்டி 30ஆல் வகுத்து, கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள்.

வியாழன்: பாக்கி நோட்டில் தேதி போடுங்கள். 30 நாள் தாண்டியவர் மூவரிடம் இதமாகக் கேளுங்கள்.

வெள்ளி: உத்யம் பதிவு. உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும்.

சனி: பெரிய வாடிக்கையாளரின் பங்கைக் கணக்கிட்டு, புதிதாக ஒருவரிடம் பேசுங்கள்.

ஞாயிறு: லீவு. சுவரில் சாக்பீஸ் கோடு மட்டும் போடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

நோட்டுப் போட்டு எழுத நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. உங்கள் வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்கும். ராகு காலம் பார்த்துவிட்டு, மறுநாள் கிழித்துப் போடுவோம். இனி அந்தத் தாளைக் கசக்காதீர்கள். அதன் பின்பக்கம் அன்றைய வரவு, செலவு, மிச்சம் என்று மூன்று எண்களை எழுதி ஓர் ஆணியில் குத்தி வையுங்கள். இன்று ராத்திரி கிழிக்கப்போகும் தாளிலிருந்தே தொடங்குங்கள்.